ஸ்போர்ட்ஸ் ரூம் சாக்குக்குள் இருக்கும் பந்துகள்: குமரிக் கல்லூரி அணிகளுக்கு எது தாங்கும்?

ஒரு கல்லூரிக் கால்பந்து அணியின் வரலாற்றைக் கேட்டால் எல்லோரும் கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலமாரியைத்தான் காட்டுவார்கள். அதே ஸ்போர்ட்ஸ் ரூமின் மூலையில் ஒரு சாக்கு கிடக்கும். கண்டம் செய்ய, அதாவது கழித்துவிட, கட்டிவைத்த பந்துகள் அதில் இருக்கும். அதை அவிழ்த்துக் கொட்டினால் வரலாறு இன்னும் நேர்மையாகத் தெரியும். முட்டை வடிவமாகிப் போனது ஒன்று, தையல் விட்டு உள்துணி பிதுங்குவது ஒன்று, மேல்தோல் செதில் செதிலாக உரிந்தது ஒன்று, பார்க்கப் புதிதாக இருந்தும் ராத்திரி அடித்த காற்று காலையில் நிற்காதது ஒன்று. எந்தத் தரையில் ஆடினார்கள், எத்தனை ரூபாய் மிச்சம் பிடித்தார்கள், யார் ஊசியைக் கோணலாகக் குத்தினார்கள் என்பதெல்லாம் அந்தச் சாக்கில் பதிவாகியிருக்கும்.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் கடைகளில் கல்லூரி அணிகளுக்கு விற்கப்படும் பந்துகளை மூன்று இனமாகப் பிரிக்கலாம்: ரப்பர் பந்து, கைத்தையல் போட்ட பி.யூ. (பாலியூரித்தேன் என்ற செயற்கைத் தோல்) பந்து, வெப்பத்தில் ஒட்டிய பந்து. இந்த விமர்சனம் அந்த மூன்றைப் பற்றியது, எந்த நிறுவனத்தின் பெயரையும் பற்றியதல்ல. ஒரே நிறுவனம் மூன்று இனத்தையும் செய்கிறது. பெயரைப் பார்த்து வாங்கி இனத்தைக் கோட்டை விடுவதுதான் இங்கே வழக்கமான தவறு. அவசரக்காரர்களுக்குத் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: குமரி மாவட்டத்துக் கல்லூரி அணிக்கு 32 துண்டுக் கைத்தையல் பி.யூ. பந்துதான் முதுகெலும்பு. மற்ற இரண்டும் அதற்குத் துணை.

ஏன் குமரி என்று தனியாகச் சொல்லவேண்டும்? தரை ஒன்றுபோல் இல்லாததால். விளவங்கோடு, கல்குளம் பக்கம் மைதானம் என்றாலே சரளை கலந்த செம்மண். வெயில் காலத்தில் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும், மழையில் பசையாகும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை வரிசையில் பாதிப் பயிற்சி கடற்கரை மணலில்தான் நடக்கும். 2019-ல் இந்திய அணிக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜின் இரயுமன்துறையும் அதே கரைதான். புல் வேண்டுமென்றால் நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்தை நினைக்கவேண்டியிருக்கிறது. இதற்கு மேல் ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டும் நமக்கு உண்டு. கல்லூரிப் பருவம் தொடங்குவதும் சூடு பிடிப்பதும் சரியாக அந்த மாதங்களில்தான். போதாததற்கு ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தோவாளைப் பக்கம் ஒரு லேசான பந்தை உயரத் தூக்கி அடித்தால் அது எங்கே இறங்கும் என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். வேறு ஊரில் எழுதிய 'சிறந்த பந்து' பட்டியல்கள் இங்கே செல்லாமல் போவதற்கு இத்தனை காரணம் போதும்.

பந்தின் கதையையும் கல்லூரிகளின் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்றைய கடை அலமாரி ஏன் இப்படி இருக்கிறது என்பது புரியும். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893-ல் கல்லூரியானது. அந்தக் காலத்துப் பந்து என்றால் மாட்டுத்தோல் உறை, உள்ளே காற்று அடைக்கும் ரப்பர் பை (பிளாடர்), வாயில் தோல் நாடாவால் இறுக்கிய கட்டு. ரப்பர் பிளாடர் 1862-ல் இங்கிலாந்தின் ரக்பி ஊரில் ரிச்சர்ட் லிண்டன் செய்தது. அதற்கு முன் பன்றியின் சிறுநீர்ப்பையை வாயால் ஊதித்தான் பந்து செய்தார்கள். 1872-ல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் சுற்றளவு 27 முதல் 28 அங்குலம் என்று வைத்தது. இன்றும் விதி அதுதான், சென்டிமீட்டரில் 68 முதல் 70. அளவு நூற்றைம்பது ஆண்டாக நகரவில்லை, நகர்ந்ததெல்லாம் தோலும் தையலும்தான்.

தோல் பந்து மழையில் தண்ணீரைக் குடித்துவிடும். இரண்டாம் பாதியில் தலையால் முட்டுவது தண்டனை. நாடா முடிச்சு நெற்றியில் பட்டால் அடையாளம் விழும். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸிடம் 1-2 என்று தோற்ற இந்திய அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். நனைந்த தோல் பந்தை வெறுங்காலால் உதைப்பது என்னவென்று இன்றைய பையன்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். நாடா இல்லாத, ஊசி போட்டுக் காற்றடிக்கும் வால்வு வைத்த பந்து 1950 பிரேசில் உலகக் கோப்பைக்கு வந்தது. தெ.தி. இந்துக் கல்லூரி 1952-ல் தொடங்கியது, மார்த்தாண்டம் நேசமணி நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரி 1964-ல். 12 ஐங்கோணமும் 20 அறுகோணமும் சேர்ந்த 32 துண்டுப் பந்து டென்மார்க்கின் எய்கில் நீல்சன் கையில் 1962-ல் உருவாகி, 1970 உலகக் கோப்பையின் டெல்ஸ்டார் பந்தால் உலகமெங்கும் பரவியது. கறுப்பு ஐங்கோணமும் வெள்ளை அறுகோணமும் கறுப்பு வெள்ளை டி.வி.யில் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காக. நம் ஊர்ச் சுவர்களில் 'பந்து' என்று வரைந்தால் இன்றும் அந்தப் படம்தான். தோலே இல்லாத முழுச் செயற்கைப் பந்து உலகக் கோப்பைக்கு வந்தது 1986-ல், மெக்சிகோவின் அஸ்டெக்கா. துண்டுகளைத் தைக்காமல் வெப்பத்தில் ஒட்டியது 2006-ல், 14 துண்டுகளோடு. 2010-ல் எட்டு, 2014-ல் ஆறு என்று துண்டுகள் குறைந்தன. துண்டு குறைந்தால் பெரும்பாலும் பள்ளமான ஓரமும் குறையும். வழுவழுப்பான பந்து சுழலாமல் போகும்போது காற்றில் திடீரென்று அலையும். 2010 உலகக் கோப்பைப் பந்தான ஜபுலானியை கோல்கீப்பர்கள் திட்டியது இதற்காகத்தான். ஆரல்வாய்மொழிக் காற்றில் இது இரட்டிப்பாகும் என்பதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இன்னொரு மாற்றமும் உண்டு. பந்தைப் பற்றியதல்ல, எதிரணியைப் பற்றியது. குமரிக் கல்லூரிகள் எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன என்பதுதான் எந்த ஊர் அணியோடு ஆடினார்கள் என்பதைத் தீர்மானித்தது. 1937-ல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் வந்தது, எதிரணி திருவனந்தபுரத்திலிருந்து. 1956 நவம்பர் 1-ல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம், 1990-ல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். ஆக ஒரே கல்லூரி மைதானத்தைவிட்டு நகராமலேயே அதன் போட்டி வரைபடம் மேற்கிலிருந்து வடக்கே திரும்பிவிட்டது. ஆட்டப் பழக்கம் மட்டும் திரும்பவில்லை. பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் மேல் மோகம், 'பந்து களி' என்கிற பேச்சு, மாலையில் கூடும் கூட்டம் எல்லாம் இன்றும் கேரளப் பக்கம்தான் சாய்கிறது. பந்து வாங்குகிறவருக்கு இதில் என்ன? செவன்ஸுக்கு ஏற்ற பந்தும் கல்லூரிகளுக்கு இடையேயான போட்டிக்கு ஏற்ற பந்தும் ஒன்றல்ல. இரண்டையும் ஆடுகிற பையன்கள்தான் நம் அணியில் இருக்கிறார்கள்.

பந்து மாறினால் ஆட்டமே மாறிவிடும் என்பதற்கு அமெரிக்கக் கல்லூரிகளைவிட நல்ல சாட்சி இல்லை. 1869 நவம்பர் 6-ல் நியூ ஜெர்சியில் ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் ஆடியதைத்தான் அங்கே கல்லூரி ஃபுட்பாலின் முதல் ஆட்டம் என்கிறார்கள். பக்கத்துக்கு 25 பேர், உருண்டைப் பந்து, கையில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது, 6-4 என்று ரட்கர்ஸ் வென்றது. கிட்டத்தட்ட நம் கால்பந்துதான். ஐந்தே ஆண்டில், 1874-ல், ஹார்வர்டு கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தோடு ரக்பி முறையில் முட்டைப் பந்தை வைத்து ஆடியது. கையில் அணைத்துக்கொண்டு ஓடத் தோதான வடிவம். அதற்குப் பிறகு அவர்களின் ஃபுட்பால் வேறு, நம் ஃபுட்பால் வேறு. அவர்கள் வேண்டுமென்று முட்டை வடிவத்துக்குப் போனார்கள், நாம் மலிவு விலைப் பந்து வாங்கித் தானாகப் போகிறோம்.

சரி, கடைக்கு வருவோம்.

முதலில் ரப்பர் பந்து. இதில் இரண்டு சாதி. ஒன்று மோல்டு செய்தது. பிளாடருக்கு மேல் நைலான் நூலைச் சுற்றி, அதன் மேல் ரப்பர் தோலை அச்சில் வைத்து வேகவைத்து எடுப்பார்கள். ஓரங்கள் வெறும் கோடுதான், தையல் கிடையாது. இன்னொன்று ரப்பர் மேல்தோலைத் துண்டு துண்டாக வெட்டித் தைத்தது. புல் இல்லாத கட்டாந்தரைக்கு என்றே விற்கப்படும் நிவியா ஸ்டார்ம் போன்றவை இந்த இரண்டாம் வகை. விலை ஐந்நூறு ரூபாய்ச் சுற்றுவட்டத்தில் முடிந்துவிடும். சரளைச் செம்மண்ணில் இதன் மேல்தோல் தேய்வதற்கு மற்ற எதைவிடவும் அதிக நாள் எடுக்கும். மோல்டு பந்து தண்ணீர் குடிக்காது. உப்புக் காற்றைப் பற்றிக் கவலைப்படாது.

குறை என்ன? துள்ளல். செம்மண் காய்ந்து இறுகிய தரையில் மோல்டு பந்து மார்பு உயரத்துக்கு எழும்பும். ஒரு மாதம் இதிலேயே பழகிய ஹாஃப்பேக், போட்டியில் தையல் பந்து வந்ததும் காலை முன்கூட்டியே தூக்கிவிட்டு நிற்பான். முதல் தொடுதல் கெடுவது இங்கேதான். ஆனால் மணலில் இதே குறை குணமாகிவிடும். மணல் துள்ளலை விழுங்கிவிடும் என்பதால் ரப்பர் பந்து அங்கே அளவாக எழும்பும். எனவே கடற்கரைப் பயிற்சிக்கும் உடல்தகுதிப் பயிற்சிக்கும் இதுவே போதும். மணலில் ஆடும்போது 6 முதல் 8 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை காற்று வைத்தால் காலுக்கும் நல்லது, பந்துக்கும் நல்லது.

ரப்பர் என்றதும் நம் மாவட்டக்காரர்களுக்கு ஒரு சந்தேகம் வரும்: கீரிப்பாறையிலும் பேச்சிப்பாறையிலும் பால் வெட்டுகிற ஊர், இயற்கை ரப்பர் பிளாடர் வைத்த பந்துதானே உசத்தி? உசத்திதான், ஒரு நிபந்தனையோடு. இயற்கை ரப்பர் பிளாடர் மென்மையானது. காலில் படும்போது மிருதுவாக இருக்கும், துள்ளலும் துல்லியம். ஆனால் அது காற்றைக் கசியவிடும். ஓட்டை இல்லாமலே மூன்று நான்கு நாளில் பந்து தொய்ந்துவிடும். சைக்கிள் ட்யூபுக்கு எடுக்கும் பியூட்டைல் ரப்பரில் செய்த பிளாடர் வாரக்கணக்கில் காற்றை வைத்திருக்கும், கொஞ்சம் விறைப்பாக இருக்கும். தினமும் காற்றை அளந்து அடிக்க ஆள் இருக்கிற அணி இயற்கை ரப்பர் (லேடக்ஸ்) பிளாடர் வாங்கட்டும். கல்லூரியில் அந்த ஆள் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டு மாணவன், பரீட்சை வந்தால் காணாமல் போவான். பியூட்டைல் வாங்குங்கள்.

அடுத்து கைத்தையல் பி.யூ. பந்து. இதில்தான் கொஞ்சம் நேரம் செலவழிக்கவேண்டும். மேலே பாலியூரித்தேன் தோல், கீழே பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த உள்துணி அடுக்குகள், உள்ளே பிளாடர். உள்துணிதான் பந்தின் எலும்பு. மேல்தோல் காலுக்கு இதமாக இருக்கிறதா என்பதைக் கடையில் அழுத்திப் பார்க்கலாம். உள்துணி எத்தனை அடுக்கு என்பதை அட்டையில் படித்தால்தான் தெரியும். இரண்டு அடுக்கு என்றால் அது பயிற்சிப் பந்து, ஒரு பருவத்துக்குள் விரிந்துவிடும். நான்கு அடுக்கு என்றால் வடிவம் நிற்கும். முட்டையாவது என்று நாம் சொல்வது வேறொன்றுமில்லை, உள்துணி ஒரு பக்கம் இழுபட்டு விரிந்துபோவதுதான்.

32 துண்டுகளுக்கு 90 ஓரம். ஓரத்துக்கு ஏழு தையல் என்று குறைத்துக் கணக்குப் போட்டாலே 630 தையல். இரண்டு ஊசியில் மெழுகு நூலைக் கோத்து, உள்பக்கம் வெளியே தெரியத் தைத்துக்கொண்டே வந்து, கடைசியில் பந்தைத் திருப்பிப் போட்டு, மிச்ச ஓரத்தை வெளியிலிருந்து இழுத்து முடிப்பார்கள். அந்தக் கடைசி ஓரம்தான் பலவீனமான இடம். புதுப் பந்தை வாங்கியதும் இரண்டு கட்டைவிரலால் ஒவ்வொரு ஓரத்தையும் விரித்துப் பாருங்கள். நூல் வெள்ளையாகத் தெரிந்தால், அல்லது ஒரு இடத்தில் மட்டும் வாய் பிளந்தால், அந்தப் பந்தை அங்கேயே திருப்பிக் கொடுங்கள். தையலுக்குள் சரளை மண் புகுந்து நூலை அறுப்பதுதான் நம் மைதானங்களில் தையல் விடுவதற்கு முதல் காரணம். வாய் பிளந்த ஓரம் அதற்குக் கதவு திறந்துவைத்த மாதிரி.

துள்ளல் மிதமானது, எடை நிற்கும், காற்றிலும் ஓரளவு சொன்ன பேச்சு கேட்கும். 90 ஓரப் பள்ளங்கள் இருப்பதால் அலைச்சல் குறைவு. விலை ஆயிரத்தை ஒட்டித் தொடங்கி உள்துணிக்கும் தோலுக்கும் ஏற்ப ஏறும். குறை ஒன்று, தண்ணீர். தையல் துளை வழியாக மழைநீர் உள்ளே போய்ப் பருத்தித் துணியில் தங்கும். காயவைக்காமல் சாக்கில் கட்டினால் துணி அழுகும், பி.யூ. தோல் பிசுபிசுத்து உரியும். இன்னொரு குறை, பராமரிப்பு. ஆனால் மற்ற இரண்டுக்கும் இல்லாத பெரிய குணம் ஒன்று இதற்கு உண்டு: பழுது பார்க்கலாம். அதைக் கடைசியில் பார்ப்போம்.

மூன்றாவது, வெப்பத்தில் ஒட்டிய பந்து. டி.வி.யில் பார்ப்பது இதுதான். தையல் துளை இல்லை, அதனால் தண்ணீர் குடிப்பது குறைவு. உருண்டை வடிவம் துல்லியம். 'ஃபிஃபா குவாலிட்டி ப்ரோ' முத்திரை வாங்கிய பந்துகள் பலவும் இந்த இனம். அந்த முத்திரை சும்மா ஒட்டுவதல்ல. எடை 420 முதல் 445 கிராமுக்குள், சுற்றளவு 68.5 முதல் 69.5 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும். மூன்று நாளில் காற்றழுத்தம் 20 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் இரும்புத் தகட்டில் 2,000 முறை மோதவிட்டுப் பார்ப்பார்கள். எல்லாம் சரி, தகடு இரும்பு, சரளை அல்ல. நம் செம்மண்ணில் துண்டுகளின் ஓரம் தேய்ந்து ஒரு முனை தூக்கிக்கொண்டால் போதும். அதற்குள் மண் புகும், பசை விடும், தலையால் முட்டும்போது கத்தி மாதிரி கீறும். அதைச் சரிசெய்ய வழியில்லை. பிளாடர் போனாலும் பந்து போச்சு. இரண்டாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய பொருளை மூன்று மாதத்தில் சாக்கில் போடுவது கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

அதற்காக வாங்கவே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. பல்கலைக்கழகப் போட்டிக்கு எந்தப் பந்து என்று போட்டி நடத்தும் கல்லூரி முடிவு செய்யும். சுற்றறிக்கை வந்ததும் பி.டி. சார் ஒரு போன் போட்டு எந்த மாடல் என்று கேட்டுவிட்டால் போதும். ஒட்டுப் பந்து என்றால் அதே மாடலில் இரண்டு வாங்கி, கடைசிப் பத்து நாள் கோல்கீப்பருக்கும் ஃப்ரீகிக் அடிக்கிறவனுக்கும் மட்டும் கொடுங்கள். அதுவும் புல் தரையில். போட்டி முடிந்ததும் துடைத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

இந்த மூன்றிலும் சேராத நாலாவது ஒன்று உண்டு. அது கடை வாசலில் வலைப்பையில் தொங்கும். உலகக் கோப்பைப் பந்தின் சாயம் அச்சடித்திருக்கும், மெஷினில் தைத்த பி.வி.சி. தோல். மெஷின் ஊசியால் தடித்த உள்துணியைத் தைக்க முடியாது. அதனால் உள்துணியை மெல்லிசாக்கி, நடுவில் பஞ்சு மாதிரி ஃபோம் வைத்து உப்பவைத்திருப்பார்கள். கையில் அழுத்தினால் மெத்தை மாதிரி இருக்கும், அதில்தான் ஏமாறுவது. கல்லூரி அணியின் உதைக்கு இது ஒரு மாதம்கூடத் தாங்காது. குழந்தைக்கு வாங்கிக்கொடுங்கள்.

இந்த நாலாவது பந்து கல்லூரிக்குள் வருவது கடைக்காரர் ஏமாற்றி அல்ல, நாம் எழுதும் கொட்டேஷன் கடிதத்தால். 'கால்பந்து, சைஸ் 5, 12 எண்ணம்' என்று மட்டும் எழுதி மூன்று கடைக்கு அனுப்பினால் மூன்று பேரும் நேர்மையாகத்தான் விலை போடுவார்கள். குறைந்த விலைக்காரருக்கு ஆர்டர் போகும், வலைப்பைப் பந்து வரும். அலுவலகத்தில் கேட்டால் விதிப்படிதான் நடந்தது. கடிதத்தில் இப்படி எழுதுங்கள்: சைஸ் 5, பாலியூரித்தேன் மேல்தோல், 32 துண்டு, கைத்தையல், உள்துணி நான்கு அடுக்கு, பியூட்டைல் பிளாடர், எடை 420 முதல் 445 கிராம், சுற்றளவு 68.5 முதல் 69.5 சென்டிமீட்டர், பெற்றுக்கொள்ளும்போது எடைபோட்டு அளந்து பார்க்கப்படும், அளவில் இல்லாதவை திருப்பி அனுப்பப்படும். கடைசி இரண்டு வாக்கியம்தான் முக்கியம். அதைப் படித்ததுமே வருகிற விலையும் வருகிற பந்தும் மாறும். ரப்பர் பந்துக்குத் தனி வரி எழுதுங்கள், இரண்டையும் ஒரே வரியில் போடாதீர்கள்.

பெட்டி வந்ததும் அளப்பதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். சமையல் தராசு, தையல்காரர் டேப், சாக்பீஸ், ஒரு அண்டா தண்ணீர் போதும். பந்துக்கு 10 பி.எஸ்.ஐ. காற்று அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் மறுபடி அளந்து, குறைந்திருந்தால் தனியே வையுங்கள். டேப்பை மூன்று திசையில் சுற்றுங்கள்: வால்வு வழியாக ஒன்று, அதற்குக் குறுக்கே ஒன்று, சாய்வாக ஒன்று. மூன்று அளவுக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் அது புதிதிலேயே முட்டை. சுவரில் இரண்டு மீட்டர் உயரத்தில் ஒரு கோடு, 135-லும் 155 சென்டிமீட்டரிலும் ஒவ்வொரு கோடு. பந்தின் அடிப்பாகம் மேல்கோட்டில் இருக்கும்படி பிடித்துச் சிமெண்ட் தரையில் கையைவிட்டு விடுங்கள், எறியக்கூடாது. நல்ல மேட்ச் பந்து கீழே உள்ள இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து நிற்கும். அண்டாத் தண்ணீரில் மிதக்கவிட்டு, வால்வு மேலே இருக்கும்படி வையுங்கள். பொறுப்பாகச் செய்த பந்தில் வால்வின் கனத்தைச் சரிக்கட்ட எதிர்ப்பக்கம் சின்ன எடை வைத்திருப்பார்கள், அது நிதானமாகத் திரும்பும். வால்வு படக்கென்று குப்புற விழுந்தால் அந்தப் பந்து தரையில் உருளும்போதும் ஒரு பக்கம் இழுக்கும். கார்னர் பக்கம் போட்ட பாஸ் வளைந்து கோட்டைத் தாண்டுகிறது என்று பையனைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

காற்று அடிப்பதில்தான் பாதிப் பந்து சாகிறது. விதி 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. வரை இடம் கொடுக்கிறது. அதற்காக 15 அடிக்கவேண்டும் என்று அர்த்தமில்லை. செம்மண்ணுக்கு 9 முதல் 10, புல்லுக்கு 11 போதும். பந்தைக் கட்டைவிரலால் அழுத்தி 'கல்லு மாதிரி இருக்கு' என்று திருப்திப்படுகிற பழக்கத்தை விட்டுவிட்டு, ஒரு பிரஷர் கேஜ் வாங்குங்கள். ஒரு ரப்பர் பந்தின் விலைதான். வெயிலும் கணக்கில் வரும். காலை 25 டிகிரியில் 10 பி.எஸ்.ஐ. அடித்த பந்தைக் கதவு மூடிய வேனுக்குள் 50 டிகிரியில் விட்டால் அது 12-ஐத் தொடும். 13 அடித்திருந்தால் 15-ஐத் தாண்டும். தையலும் உள்துணியும் விரிவது ஆட்டத்தில் மட்டுமல்ல, திருநெல்வேலி போகிற வழியில் வேனில் சும்மா கிடக்கும்போதும்தான்.

ஊசியை நேராகக் குத்தவேண்டும். கோணலாகப் போனால் வால்வின் உதடு கிழியும், ஆழமாக அழுத்திக் காற்றில்லாத பந்தில் குத்தினால் பிளாடரின் எதிர்ச்சுவரிலேயே துளை விழும். உலர்ந்த ஊசி கூடாது. கிளிசரின் ஒரு சொட்டு போதும், மருந்துக் கடையில் கிடைக்கும். கிரீஸ், மெஷின் எண்ணெய் வேண்டாம். நம் ஊரில் எதற்கும் தேங்காய் எண்ணெய்தான் முதல் மருந்து, இங்கே அதுவும் வேண்டாம், எண்ணெய் பட்ட இயற்கை ரப்பர் நாளடைவில் ஊறி நெகிழ்ந்துவிடும். எதுவும் இல்லையென்றால் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரையில் ஆடிய பந்தை அன்றே நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்கவேண்டும். கடல்நீர் காய்ந்தால் உப்பு தையலுக்குள் தங்கும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், பந்து காய்ந்த மாதிரியே இருக்காது. மழையில் நனைந்ததை நிழலில், மின்விசிறியின் கீழே, தரையில் படாமல் வலையில் தொங்கவிட்டுக் காயவையுங்கள். வெயிலில் போட்டால் பி.யூ. விறைத்து வெடிக்கும். எவ்வளவு தண்ணீர் குடித்தது என்று தெரியவேண்டுமா? ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை போடுங்கள். 430 கிராம் பந்து 473-க்கு மேல் காட்டினால் பத்து சதவீதம் தாண்டிவிட்டது. அதைத் தலையால் முட்டும் பயிற்சிக்குக் கொடுக்காதீர்கள். மே மாத விடுமுறைக்கு மூடும்போது காற்றைப் பாதியாக இறக்கிவிட்டு வைத்தால் போதும், முழுக்க இறக்கினால் மடிப்பு விழும்.

பழுது. காற்று இறங்குகிற பந்தைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி எங்கே என்று பார்க்கவேண்டும். வால்விலிருந்து வந்தால் முதலில் கிளிசரின் விட்டு ஊசியை நாலைந்து முறை மெல்லச் செலுத்தி எடுத்துப் பாருங்கள், உலர்ந்த வால்வு பலமுறை இதிலேயே சரியாகிவிடும். பந்தின் உடம்பிலிருந்து குமிழி வந்தால், அதுவும் கைத்தையல் பந்து என்றால், வால்வுக்கு எதிர்ப்பக்கம் இரண்டு ஓரத் தையலைப் பிரித்து, பிளாடரை வெளியே இழுத்து, சைக்கிள் கடைக்காரர் ட்யூபுக்குப் போடும் ஒட்டைப் போடலாம். திரும்பத் தைக்கச் செருப்புத் தைப்பவரிடம் மெழுகு நூலில் இரட்டைத் தையலாகக் கேளுங்கள். ஒற்றைத் தையல் போட்டால் பத்து நாளில் விடும். தைக்கும்போது பந்தில் கொஞ்சமாவது காற்று இருந்தால் ஊசி பிளாடரில் இறங்கும், அதனால் முழுக்க இறக்கி, பிளாடரை எதிர்ப்பக்கம் ஒதுக்கி, இடையில் ஒரு அட்டையை வைத்துக் கொடுங்கள். மோல்டு ரப்பர் பந்தில் வால்வை மட்டும் பார்க்கலாம். ஒட்டுப் பந்துக்கு இது எதுவும் இல்லை.

22 பேர் அணிக்கு ஓர் ஆண்டுக்கு எத்தனை என்றால், ஐந்து ரப்பர், ஆறு கைத்தையல், போட்டி மாடலில் இரண்டு. கைத்தையலில் இரண்டைத் தொடாமல் எடுத்துவைத்து நவம்பரில் திறவுங்கள். மழைமாதம் முடியும்போது முதல் நான்கில் ஒன்றிரண்டாவது சாக்குக்குப் போயிருக்கும். ஸ்டாக் ரெஜிஸ்டரில் '12 எண்ணம் வரவு' என்று மட்டும் எழுதாமல், ஒவ்வொரு பந்துக்கும் ஓர் எண் கொடுத்து, வந்த தேதி, எடை, சுற்றளவு மூன்றையும் ரெஜிஸ்டரிலும், அழியாத மையில் வால்வுக்கு எதிரே உள்ள துண்டிலும் எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே டேப்பைச் சுற்றினால் 69 என்று எழுதியிருக்கும் பந்து 71 காட்டும். அடுத்த ஆண்டு கொட்டேஷன் கடிதத்தோடு ரெஜிஸ்டரின் அந்தப் பக்கத்து நகலையும் வைத்து அனுப்பலாம்.